விரல் நீட்டும் பருவம்: குழந்தைகளின் சைகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஃபேன் எங்கே?" என்று கேட்டதும் ஒன்பது பத்து மாதக் குழந்தை அண்ணாந்து பார்ப்பது நம் வீடுகளில் அன்றாடக் காட்சி. சில வாரங்கள் போனதும், யாரும் கேட்காமலே அதே குழந்தை ஃபேனை நோக்கி விரலை நீட்டிவிட்டு நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். வீட்டார் சிரித்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சில வாரங்களுக்குள் நடந்திருக்கும் மாற்றம் எத்தனை பெரியது என்பதைப் புரிந்துகொள்ள உளவியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இளம் பெற்றோரும் பாட்டிமாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குழந்தை கையை ஆட்டுவதெல்லாம் சைகைதானா?

இல்லை. இரண்டு மூன்று மாதக் குழந்தையின் கையைக் கவனித்தால், சில நேரம் சுட்டுவிரல் மட்டும் தனியே நீண்டு நிற்கும். அந்த விரல் எதையும் காட்டுவதில்லை. விரலின் வடிவம் வந்துவிட்டது, நோக்கம் இன்னும் வரவில்லை. ஓர் அசைவு சைகையாவது இன்னொருவருக்காகச் செய்யப்படும்போதுதான். அதைக் கண்டுபிடிக்கக் கையைவிடக் கண்ணைப் பார்ப்பது நல்லது. குழந்தை பொருளைப் பார்க்கிறது, உங்களைப் பார்க்கிறது, மறுபடி பொருளைப் பார்க்கிறது. நீங்கள் கவனிக்கவில்லை என்றால் குரல் கொடுக்கிறது, புடவைத் தலைப்பை இழுக்கிறது. இந்த மூன்று முனைகளும், அதாவது குழந்தை, நீங்கள், பொருள் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் சேர்ந்துவிட்டால் அது சைகைதான்.

இதற்கான விதை வெகு முன்னதாகவே விழுந்துவிடுகிறது. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் வாசுதேவி ரெட்டியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அம்மா தூக்குவதற்காகக் கைகளை நீட்டிக்கொண்டு வரும்போது, அவள் தொடுவதற்கு முன்பே, இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகள் தம் உடலைத் தூக்குவதற்கு வாகாக மாற்றிக்கொள்கின்றன என்று அதில் கண்டார்கள். இன்னும் அது சைகை ஆகவில்லை. ஆனால் பிற்பாடு இரு கைகளையும் மேலே உயர்த்தி "தூக்கு" என்று கேட்கப்போகும் குழந்தை இங்கேதான் தொடங்குகிறது.

எந்த மாதத்தில் எந்தச் சைகை வரும்?

நாள் குறித்துச் சொல்ல முடியாது, வரிசையைச் சொல்லலாம். ஒன்பது மாதம் அளவில் தூக்கச் சொல்லிக் கையை உயர்த்துவது. அதையொட்டி, கையில் இருக்கும் பொருளை உயர்த்திக் காட்டுவதும் நீட்டிக் கொடுப்பதும். பிறகு முழுக் கையையும் நீட்டுவது. பத்து முதல் பதினான்கு மாதங்களுக்குள் சுட்டுவிரல். முதல் பிறந்தநாளை ஒட்டி "டாட்டா" காட்டுவது. அதற்கடுத்துதான் பெயர் சொல்லும் சைகைகள்: பறவைக்குக் கைகளைச் சிறகடிப்பது, தூக்கத்துக்குக் கன்னத்தில் கை வைப்பது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம் 2022இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில், கை உயர்த்துவது 9 மாதத்திலும், டாட்டா காட்டுவது 12 மாதத்திலும், உதவி கேட்டுச் சுட்டுவது 15 மாதத்திலும், சுவாரசியமான ஒன்றை நமக்குக் காட்டுவதற்காகச் சுட்டுவது 18 மாதத்திலும் இடம் பெறுகின்றன. இந்தப் பட்டியலைப் படித்துக் கலங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நான்கில் மூன்று குழந்தைகள் அந்தத் திறனை எட்டியிருக்கும் வயதுதான் அதில் குறிக்கப்படுகிறது. பெரும்பாலான குழந்தைகள் அதற்கு முன்பே செய்துவிடும்.

சுட்டுவிரலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஒரு விரலுக்குள் இரண்டு வேறு எண்ணங்கள் இருக்கலாம் என்பதால். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பிஸ்கட் டப்பாவை நோக்கிக் குழந்தை விரலை நீட்டினால், அதற்கு பிஸ்கட் வேண்டும். மதில்மேல் வந்து அமர்ந்த காக்கையை நோக்கி நீட்டினால்? காக்கையைப் பிடித்துத் தரச் சொல்லவில்லை. "நான் பார்த்ததை நீயும் பார்" என்கிறது. எலிசபெத் பேட்ஸ், லூயிஜா கமயோனி, விர்ஜீனியா வொல்டெர்ரா ஆகிய மூவரும் ரோம் நகரில் குழந்தைகளைக் கவனித்து, 1975இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். ஒன்று கேட்கும் சுட்டல், மற்றது பகிரும் சுட்டல்.

பகிரும் சுட்டலில் குழந்தைக்கு நம்மிடமிருந்து என்னதான் வேண்டும்? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உல்ஃப் லிஷ்கோவ்ஸ்கி, மைக்கேல் தோமசெல்லோ குழுவினர் 2004இல் இதைச் சோதித்தார்கள். பன்னிரண்டு மாதக் குழந்தை ஒன்றைச் சுட்டும்போது, ஒரு பெரியவர் பொருளை மட்டும் பார்த்தார்; இன்னொரு முறை குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்தார்; மற்றொரு முறை இரண்டையும் மாறி மாறிப் பார்த்து வியந்து பேசினார். கடைசிப் பதில்தான் குழந்தைகளுக்கு நிறைவைத் தந்தது. மற்ற நேரங்களில் அவை மறுபடி மறுபடி சுட்டின. குழந்தையைக் கொஞ்சினால் மட்டும் போதாது, அது காட்டியதையும் பார்க்க வேண்டும் என்பது எவ்வளவு எளிய செய்தி! நாம்தான் பல நேரம் "என் செல்லம்" என்று முத்தம் கொடுத்துவிட்டுக் காக்கையைப் பார்க்காமலே விட்டுவிடுகிறோம்.

அதே குழுவினர் 2006இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஒரு பெரியவர் ஸ்டேப்ளர் போன்ற, குழந்தைக்குக் கொஞ்சமும் பயன்படாத பொருளை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறார். அது இருக்கும் இடத்தைப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளே சுட்டிக் காட்டின. தனக்கு எதுவும் கிடைக்காத இடத்திலும் பிறருக்குத் தகவல் தருகிற உயிர் அது. மனிதரிடம் வளரும் சிம்பன்சிகள் உணவு கேட்டுக் கை நீட்டும். ஆனால் "அங்கே பார், எவ்வளவு அழகு" என்பதற்காகச் சுட்டும் வழக்கம் அவற்றிடம் இல்லையென்றே சொல்ல வேண்டும்.

உலகில் எல்லா இடங்களிலும் குழந்தைகள் இப்படித்தான் சுட்டுகின்றனவா?

நெடுங்காலம் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஆய்வுகள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களைச் சுற்றியே நடந்தன. சோஃபாவில் அமர்ந்து படப் புத்தகம் காட்டும் தாயையே உலகத் தாயாக எண்ணிக்கொண்டார்கள். அதனால்தான் லிஷ்கோவ்ஸ்கி, பெனலபி பிரவுன், தாரா காலகன், அகிரா தக்காடா, கோனி டி வோஸ் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வை நான் ஒரு திருப்பம் என்று கருதுகிறேன். பப்புவா நியூகினி, இந்தோனேசியா, ஜப்பான், பெரு, கனடா, மெக்சிகோவின் இரண்டு மாயா சமூகங்கள் என ஏழு இடங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஏற்பாடு: ஓர் அறையில் படங்களையும் பொருள்களையும் அங்கங்கே தொங்கவிட்டு, பத்து முதல் பதினான்கு மாதக் குழந்தையை வளர்ப்பவரே இடுப்பில் தூக்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கச் சொன்னார்கள். சுட்டு என்று யாரும் சொல்லவில்லை.

ஏழு இடங்களிலும் குழந்தைகள் சுட்டின. ஏழு இடங்களிலும் பெரியவர்களும் சுட்டினார்கள். பெரியவர் அதிகம் சுட்டிய இணைகளில் குழந்தையும் அதிகம் சுட்டியது. ஆற்றங்கரையில் வலை காயும் ஊரானாலும், மாடிக் குடியிருப்பானாலும், ஒரு வயதை ஒட்டி இந்த விரல் நீள்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு தாரா காலகனும் பலரும் சேர்ந்து கனடா, பெரு, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் செய்த ஆய்வும் இதையே சொன்னது. அவற்றுள் இந்தியாவும் பெருவும் கிராமப்புறங்கள். பிறர் பார்க்கும் திசையில் பார்ப்பது, பிறரைப் பார்த்துச் செய்வது, உதவுவது, சுட்டுவது ஆகியவை மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே வயதில் வந்தன. பாவனை விளையாட்டும் படத்தைப் புரிந்துகொள்வதும்தான் வேறுபட்டன. அவற்றுக்குப் பொம்மையும் படப் புத்தகமும், கூட உட்கார்ந்து விளையாடும் பெரியவரும் வேண்டும் அல்லவா?

அப்படியானால் பண்பாட்டுக்கு இதில் வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. விரல் எப்போது நீளும் என்பதில் பண்பாடு அதிகம் தலையிடுவதில்லை. எத்தனை முறை நீளும், யாரை நோக்கி, எதற்காக, என்ன பதில் கிடைக்கும் என்பதிலெல்லாம் தலையிடுகிறது.

டோரோதே சலோமோவும் லிஷ்கோவ்ஸ்கியும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் ஷாங்காய் நகரக் குடும்பங்கள், நெதர்லாந்துக் குடும்பங்கள், மெக்சிகோவின் யுகத்தான் மாயா குடும்பங்கள் ஆகியவற்றை அவரவர் வீட்டிலேயே கவனித்தார்கள். குழந்தைகளுக்கு எட்டு முதல் பதினைந்து மாதம். ஷாங்காய்க் குழந்தைகள் மிக அதிகமாகவும், மாயா குழந்தைகள் மிகக் குறைவாகவும் சைகை செய்தன. டச்சுக் குழந்தைகள் நடுவில். பெரியவர்கள் குழந்தையோடு ஒரே பொருளில் கவனம் வைத்துச் செலவிட்ட நேரமும், அவர்கள் காட்டிய சைகைகளும் அதே வரிசையில்தான் இருந்தன.

இதை ஒரு தேர்வு முடிவுபோலப் படிக்கக் கூடாது. மெக்சிகோவின் தெனஹாபா பகுதி செல்தால் மாயா கிராமம் ஒன்றில் மரிசா காசியாஸ் குழுவினர் ஒலிப்பதிவு செய்து 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை நோக்கி நேரடியாகப் பேசப்பட்டது மணிக்குச் சராசரியாக 3.6 நிமிடம் மட்டுமே. ஆனாலும் அந்தக் குழந்தைகள் மழலை ஒலி, முதல் சொல் ஆகியவற்றை மற்ற இடங்களின் குழந்தைகளைப் போலவே உரிய காலத்தில் எட்டின. முதுகில் துணியால் கட்டப்பட்டுச் சந்தைக்கும் வயலுக்கும் போகும் குழந்தை, தன்னிடம் பேசாதவர்களின் பேச்சையும் கையசைவையும் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கற்பதற்கு அது ஒரு வழி.

பப்புவா நியூகினியின் கலூலி மக்களைப் பற்றி பாம்பி ஷீஃபலினும் எலினோர் ஆக்ஸும் 1984இல் எழுதியதும் இங்கே பொருந்தும். அங்கே தாய் குழந்தையைத் தன் முகத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொள்வதைவிட, வெளிப்புறம் மற்றவர்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொள்கிறாள். குழந்தைக்காகத் தானே குரலை உயர்த்திப் பிறரோடு பேசுகிறாள். கலஹாரிப் பாலைவனத்தின் குங் மக்களிடம் வேறொரு அழகு. 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, குழந்தை ஒரு பொருளை வைத்து உருட்டி விளையாடும்போது அங்குள்ள பெரியவர்கள் பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. அதையே அது பிறருக்கு நீட்டும்போது அதிகம் பதில் தருகிறார்கள். பகிர்வில் வாழும் சமூகம் தன் குழந்தையின் கைகளில் முதலில் கவனிப்பது கொடுக்கும் கையை.

விரல் நீட்டிக் காட்டுவது மரியாதை இல்லை என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். குழந்தையைத் தடுக்கலாமா?

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. பனாமாவின் குனா மக்களும் லாவோஸ் மக்களும் உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். பப்புவா நியூகினியின் யுப்னோ மக்கள் மூக்கைச் சுருக்கித் தலையைத் திருப்பிக் காட்டுவார்கள். கானாவில் இடக்கையால் சுட்டுவது மரியாதைக் குறைவு என்பதால், வழி சொல்லும்போது பலர் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊர்களிலும் பெரியவர்களை ஒற்றை விரலால் சுட்டக் கூடாது. காய்ப் பிஞ்சைச் சுட்டினால் அழுகிவிடும் என்று பாட்டி விரலை மடக்கச் சொல்வாள்.

இவையெல்லாம் வளர்ந்தவர்களின் ஒழுங்குகள். குழந்தை அவற்றைப் பின்னால், மூன்று நான்கு வயதில் பேச்சோடு சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பதினொரு மாதக் குழந்தையின் விரலைத் தட்டிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அதன் கையில் இருக்கும் ஒரே கேள்விக்குறி அது. உங்களுக்கு உறுத்தினால், நீங்கள் பதில் சொல்லும்போது முழுக் கையால் காட்டுங்கள். காலப்போக்கில் குழந்தை உங்கள் கையைப் பின்பற்றும்.

தலையாட்டுவதும் எல்லா இடத்திலும் ஒன்றுதானா?

மறுப்புக்குத் தலையைப் பக்கவாட்டில் திருப்புவது தாய்ப்பாலிலிருந்தே தொடங்குகிறது என்று 1872இலேயே சார்ல்ஸ் டார்வின் எழுதினார். வயிறு நிறைந்த குழந்தை மார்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தம் குழந்தைகளிடமே அவர் பலமுறை கண்டார். சோற்றுக் கவளத்தைக் கண்டதும் தலையைத் திருப்பும் குழந்தையைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

ஆனால் இசைவுக்கான தலையசைப்பு ஊருக்கு ஊர் மாறும். பல்கேரியாவில் நிமிர்த்தி அசைப்பது மறுப்பு. தென்னிந்தியாவில் தலையை இரு தோள்பக்கமும் மெல்லச் சாய்த்தால் "சரி". வெளிநாட்டில் மழலையர் காப்பகத்தில் விடப்பட்ட நம் குழந்தை இப்படித் தலையசைத்தால், அங்குள்ள ஆசிரியர் அதை மறுப்பு என்று எண்ணிவிடக்கூடும். சேர்க்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது.

சைகையிலேயே காரியம் நடந்துவிட்டால் பேச்சு தாமதமாகும் என்கிறார்களே?

இது பரவலான அச்சம்; ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின் மெடோவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், பத்துக் குழந்தைகளைப் பத்து மாதம் முதல் இரண்டு வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு பொருள் குழந்தையின் கையில் முதலில் தோன்றியது; சராசரியாக மூன்று மாதம் கழித்து அதே பொருளின் பெயர் வாயில் வந்தது.

இன்னும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. வாசலில் கிடக்கும் செருப்பைச் சுட்டிக் குழந்தை "தாத்தா" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தவறு செய்யவில்லை. தாத்தாவின் செருப்பு என்கிறது. வாய்க்கு ஒரு சொல்தான் இயலும், ஆகவே மறு சொல்லைக் கையிடம் கொடுத்திருக்கிறது. இப்படிச் சொல்லையும் சைகையையும் சேர்த்து முன்னதாகப் பேசிய குழந்தைகளே "தாத்தா செருப்பு" என்று இரு சொற்களைச் சேர்ப்பதிலும் முன்னதாக வந்தன.

கையசைவுக்குப் பெயர்பெற்ற இத்தாலியில் வளரும் குழந்தைகளையும் அமெரிக்கக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வந்தது. பறவை, தூக்கம் போன்றவற்றை நடித்துக் காட்டும் சைகைகள் இத்தாலியக் குழந்தைகளிடம் கூடுதல். ஆனாலும் சுட்டலைச் சொல்லோடு சேர்ப்பதும், அதன்பின் இரு சொற்களைச் சேர்ப்பதும் இரு நாட்டிலும் ஒரே வழியில்தான் நடந்தன.

வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் சைகையில் பின்தங்குகிறார்களா?

மெரடித் ரோவும் கோல்டின் மெடோவும் சிகாகோவின் 50 குடும்பங்களைக் கவனித்து 2009இல் எழுதியதைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பதினான்கு மாத வயதில், ஒன்றரை மணி நேரத்தில், வசதியான வீட்டுக் குழந்தைகள் சைகையால் சராசரியாக 24 வெவ்வேறு பொருள்களை உணர்த்தின. வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் 13. அந்த வயதில் பேச்சில் வேறுபாடு இல்லை. ஆனால் நான்கரை வயதில் சொல்வளத்தில் வேறுபாடு தெரிந்தது. ஆரம்பச் சைகைகள் அதில் ஒரு பகுதியை விளக்கின.

இந்த எண்களைக் காட்டி ஏழைத் தாய்மாரைக் குறை சொல்வதை நான் முற்றிலும் வெறுக்கிறேன். இரண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்குக் குழந்தையின் விரலைப் பின்தொடர நேரம் எங்கே? தேவை நேரமும் ஓய்வும் கூட நிற்கும் ஆட்களும்தான். மாற்றம் எளிது என்பதற்கும் சான்று உண்டு. ரோவும் கேத்ரின் லீச்சும் 2019இல் எழுதிய ஆய்வில், பத்து மாதக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சுட்டலின் பயனை விளக்கும் ஒரு சிறு காணொளியைக் காட்டிப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பெற்றோர் கூடுதலாகச் சுட்டினார்கள், குழந்தைகளும் கூடுதலாகச் சுட்டின. இதற்குப் பணம் தேவைப்படவில்லை.

குழந்தைகளுக்குச் சைகை கற்பிக்கும் கட்டண வகுப்புகளில் சேர்க்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. சேர்த்தால் கெடுதல் இல்லை. ஆனால் விளம்பரங்கள் சொல்லும் பயன் கிடைப்பதில்லை. பிரிட்டனில் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை எட்டு மாதம் முதல் இருபது மாதம்வரை பின்தொடர்ந்தார்கள். சைகை கற்ற குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறவில்லை. அந்தத் தாய்மார் மட்டும் குழந்தை என்ன எண்ணுகிறது என்பதைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கவனிப்பை வளர்க்கக் கட்டண ரசீது தேவையில்லை.

காது கேளாத குழந்தை, பார்வை இல்லாத குழந்தை?

லாரா பெட்டிட்டோவும் பவுலா மாரென்டெட்டும் 1991இல் காட்டியது வியப்பானது. சைகை மொழி பேசும் காது கேளாத பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் "பாபா, தாதா" என்று உளறும் வயதில், கைகளால் மழலை பேசுகின்றன. பொருளற்ற, ஆனால் ஒழுங்கான கையசைவுகள்.

சைகை மொழியும் கிடைக்காமல், பேச்சும் கேட்காமல் வளரும் குழந்தைகள் தாமே ஒரு சைகை முறையை உருவாக்கிக்கொள்கிறார்கள். கோல்டின் மெடோவும் கரோலின் மைலாண்டரும் 1998இல் அமெரிக்காவிலும் தைவானிலும் இத்தகைய குழந்தைகளை ஒப்பிட்டார்கள். குழந்தைகள் உருவாக்கிய முறைகள், அவரவர் தாயின் கையசைவைவிட, கடலுக்கு அப்பால் இருந்த மற்றக் குழந்தைகளின் முறையோடு அதிகம் ஒத்திருந்தன. இதற்காகக் குழந்தையைத் தானே மொழி படைக்கட்டும் என்று விட்டுவிடலாகாது. காது கேளாமை தெரிந்த உடனே ஒரு முழுமையான மொழி, சைகை மொழியோ கருவி வழிக் கேட்கும் பேச்சோ இரண்டுமோ, அதற்குக் கிடைக்க வேண்டும்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் பேசும்போது கையசைக்கிறார்கள், எதிரில் இருப்பவர் பார்வையற்றவர் என்று தெரிந்தும்கூட. இதுவும் 1998இல் ஐவர்சன், கோல்டின் மெடோ காட்டியது.

நம் பழைய விளையாட்டுகளுக்கு இதில் இடம் உண்டா?

இந்தக் கேள்விக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதலாம். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலையசைத்து ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. அதன்பின் முத்தம் கேட்பது, வா என்று அழைப்பது, அம்புலியை விளையாட அழைப்பது. இன்றைய வளர்ச்சி அட்டவணையோடு இதை வைத்துப் பாருங்கள். முதலில் உடல், பிறகு கை, பிறகு இன்னொருவரை நோக்கிய செயல், கடைசியில் தொலைவில் இருக்கும் ஒன்றை இருவரும் சேர்ந்து பார்ப்பது. கவிஞர்கள் பாட்டுடைத் தலைவரைப் புகழ்வதற்காக எழுதியதுதான். ஆனால் அந்த வரிசை திண்ணையில் குழந்தை வளர்த்த பெண்களின் கண்ணிலிருந்து வந்தது என்றே நான் நம்புகிறேன்.

திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவான வளர்ச்சி அட்டவணையில், இரண்டு வயதுவரைக்குமான 17 படிகளில் ஒன்று கைகொட்டும் விளையாட்டு. அதற்கு அங்கே வைத்திருப்பது ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் பெயர். தமிழில் அதற்குச் சப்பாணி என்ற சொல் பல நூற்றாண்டுகளாகவே இருக்கிறது.

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று விரல் விரலாக மடக்கி, நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முறை வைத்துக் காத்திருப்பது, அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி உணர்வது, "இன்னொரு தடவை" என்று கையை நீட்டுவது எல்லாம் அதில் இருக்கின்றன. குழந்தை தானாக உள்ளங்கையை விரித்து நீட்டும் நாளைக் குறித்து வையுங்கள். அது ஒரு சைகை.

கைபேசியில் பாட்டு போட்டால் அதைப் பார்த்தே கைதட்டக் கற்கிறதே?

கற்கிறது. ஆனால் குழந்தை திரையைச் சுட்டும்போது திரை திரும்பிப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்கு உட்கார்ந்து திரை பார்ப்பதைப் பரிந்துரைக்கவில்லை. வெளியூரில் இருக்கும் அத்தையோடு வீடியோ அழைப்பில் டாட்டா காட்டுவது வேறு; அங்கே பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பன்னிரண்டு மாதம் முடிந்தும் காட்டுதல், கொடுத்தல், டாட்டா, தூக்கச் சொல்லிக் கை உயர்த்துதல் என எந்தச் சைகையும் இல்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் சொல்லுங்கள். பதினெட்டு மாதத்தில், தனக்குப் பிடித்ததை உங்களுக்குக் காட்டுவதற்காகச் சுட்டுவதே இல்லை என்றாலும் அப்படியே. உங்கள் கையை ஒரு கருவிபோல இழுத்துக்கொண்டுபோய்ப் பொருளின்மேல் வைக்கிறது, முகத்தைப் பார்ப்பதில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இருந்த சைகையோ சொல்லோ மறைந்துபோனால், எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் செவித்திறன் சோதனை. பிறகு தேவைப்பட்டால் ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்குப் பரவலாகப் பயன்படும் இருபது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. அதன் முதல் கேள்வியே, நீங்கள் அறையின் மறுபக்கம் எதையாவது சுட்டினால் குழந்தை அங்கே பார்க்கிறதா என்பது. ஒரு விரலின் மதிப்பு அங்கே தெரியும். தமிழ்நாட்டில், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்திலோ கட்டணமின்றிக் கேட்கலாம். இலங்கையில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை அணுகலாம்.

"அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று வீட்டில் சொல்வார்கள். பேச்சைப் பற்றி அப்படிச் சொல்லலாம், பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் தாமதமாகப் பேசும் குழந்தைக்கும் சைகை இருக்க வேண்டும். சைகையும் இல்லாத மௌனத்தை வம்ச வழக்கம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

வீட்டில் நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்?

குழந்தை காட்டியதைப் பாருங்கள், பெயரைச் சொல்லுங்கள், ஒரு சொல்லைக் கூடச் சேருங்கள். "காக்கா. காக்கா பறக்குது." அவ்வளவுதான். பிறகு பேசாமல் சற்றுக் காத்திருங்கள். குழந்தையின் பதிலுக்கு நம் பதிலைவிட அதிக நேரம் பிடிக்கும்.

நம் கூட்டுக் குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தை கேட்பதற்கு முன்பே நாலு கைகள் எடுத்துக் கொடுத்துவிடும். கையிலேயே இருக்கும் குழந்தை, கவளம் தேடிவரும் வாய், கண் போன பக்கமெல்லாம் வந்துசேரும் பொம்மை. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடைவெளி வேண்டும். தண்ணீர்க் குவளையை எட்டாத உயரத்தில், கண்ணில் படும்படி வையுங்கள். குழந்தை விரலை நீட்டட்டும், உங்களைப் பார்க்கட்டும். பார்த்த மறுகணம் கொடுத்துவிடுங்கள். அழவைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை.

சோறூட்டும் மாலை நேரத்தில் திரையை அணைத்துவிட்டு வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிச் செல்லுங்கள். அங்கே நாய் இருக்கும், சைக்கிள் போகும், எதிர்வீட்டுத் துணி காற்றில் ஆடும். நிலா வந்ததும் யார் முதலில் விரலை நீட்டுகிறார்கள் என்று பாருங்கள். பத்து மாதத்தில் நீங்களாக இருப்பீர்கள். பதினான்கு மாதத்தில், நீங்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் அந்தச் சிறு விரல் மேலே போயிருக்கும்.